கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: அவசரப்பட்டவர்களும் காத்திருந்தவர்களும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைகள் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொஞ்சக் காலமாக மாணவர்களும் சில பெற்றோரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சேர், கோமாளி மீன், முருகைக்கல் எல்லாம் வைத்து ஒரு சின்னக் கடல் தொட்டி வீட்டில் செய்யலாமா? முல்லைத்தீவுக் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு கலன் தண்ணீர் அள்ளி வந்தால் போதாதா?" கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது இயல்பு.

செய்யலாம், ஆனால் இரண்டு கலன் தண்ணீர் போதாது. ஏன் போதாது என்பதைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையில் நம் மன்னார்க் கடலுக்கும் பங்கு உண்டு. கதை தெரிந்தால் தொட்டி வைப்பவரின் காசும் மிச்சம், மீனின் உயிரும் மிச்சம். அதனால்தான் இந்தப் பதிவு.

முத்துச்சிப்பியில் இருந்து தொடங்குவோம்.

11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பீரூனி, ஸரந்தீப் கடலின் முத்தைப் பற்றி ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். முன்பு இங்கே முத்து எடுத்தார்கள், பிறகு அது இல்லாமல் போனது, அதே காலத்தில் ஆபிரிக்கக் கரையில் சுபாலா என்ற இடத்தில் முத்து புதிதாகத் தோன்றியது, ஆகவே இங்கிருந்த சிப்பிகள் அங்கே போய்விட்டன என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி. சிப்பி இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்காவுக்குப் போகாது. ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஓர் உண்மையான கேள்வி இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் சில வருடங்கள் நிறைந்து கிடக்கும், பிறகு பல வருடங்கள் வெறுமையாகக் கிடக்கும். அந்தச் சிப்பிகள் எங்கே போகின்றன?

எண்ணூறு வருடங்கள் கழித்து, 1850களின் பிற்பகுதியில், இதே கேள்வியை இலங்கை அரசாங்கம் ஒரு வைத்தியரிடம் கொடுத்தது. அவர் பெயர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1852இலேயே ஒரு நூல் எழுதியவர். கெலார்ட் உயிருள்ள முத்துச்சிப்பிகளைக் கடல்நீர்ப் பாத்திரங்களில் வைத்து, அவை என்ன செய்கின்றன என்று நாள்தோறும் பார்த்தார். சிப்பி தன்னைக் கல்லோடு கட்டி வைத்திருக்கும் நார்களைத் தானே விட்டுவிட்டு நகர்ந்து, வேறிடத்தில் புதிய நார் விட்டு ஒட்டிக்கொள்ளும் என்பதை அப்படித்தான் கண்டார். கடலுக்கு அடியில் பார்க்க முடியாததைப் பாத்திரத்துக்குள் பார்த்துவிட்டார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே அவர் இறந்துபோனார்.

கடலைப் பாத்திரத்துக்குள் கொண்டுவரும் வேலை இந்தத் தீவில் அலங்காரத்துக்காகத் தொடங்கவில்லை, ஒரு கேள்விக்குப் பதில் தேடித் தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது?

1832 அளவில், சிசிலித் தீவின் மெசினா நகரில் ஜான் வில்பிரோ பவர் என்ற பெண்மணி, கணவாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணியை ஆராய்வதற்குக் கண்ணாடித் தொட்டி செய்து கடல்நீர் நிரப்பினார். அந்தப் பிராணி தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறொன்றின் ஓட்டுக்குள் குடியேறுகிறதா என்பது அன்றைய விவாதம். தானே செய்கிறது என்று தொட்டிக்குள் பார்த்து நிரூபித்தார்.

1846இல் இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற பெண்மணி, கடற்கரைக்குப் போன இடத்தில் முருகை உயிர்கள் சிலவற்றைக் கண்டு, ஒரு சாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார். அவை குளிர்கடல் இனம், நம் கடலின் முருகை அல்ல. லண்டனில் கடல் இல்லை, மோட்டார் இல்லை, மின்சாரமும் இல்லை. அவர் செய்தது என்ன தெரியுமா? திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாறி மாறி ஊற்றச் செய்தார். நம் கடைகளில் தேநீர் ஆற்றுவதுபோல. ஒவ்வொரு நாளும் அரைமணி, முக்கால் மணி நேரம் வீட்டுப் பணிப்பெண் அதைச் செய்தார். ஊற்றும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் தண்ணீரில் கரைந்தது, முருகை பிழைத்தது. அடுத்த வருடம் கடற்பாசிகளையும் அதனுள் வைத்தார். வெளிச்சத்தில் பாசி ஒட்சிசன் விடும் என்பதால் ஊற்றும் வேலை குறைந்தது. வரலாற்றில் பெயர் பதிவாகாத அந்தப் பணிப்பெண்ணின் கைதான் முதல் "ஏர் மோட்டார்" என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

1850இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர் நன்னீரில் மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் சேர்த்து வைத்து, ஒன்றின் கழிவு மற்றதற்கு உணவாகும்படி செய்யலாம் என்று காட்டினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்கள் பார்க்கும் முதல் மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதில் பங்கெடுத்த பிலிப் ஹென்றி கோஸ் 1854இல் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு கடல் தொட்டி ஆசையைக் கிளப்பியது.

பிறகுதான் சோகம். புகையிரதம் ஏறிக் கடற்கரைக்கு வந்த கூட்டம், கரையோரப் பாறைக்குழிகளில் இருந்ததையெல்லாம் வாளியில் அள்ளிப் போனது. அள்ளியதில் பெரும்பகுதி சில நாட்களில் செத்தது, செத்ததும் மறுபடி அள்ள வந்தார்கள். தகப்பனின் நூல் கிளப்பிய ஆசை தகப்பன் நேசித்த கரையையே வெறுமையாக்கியதை, மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் தன் நூலில் வருத்தத்தோடு எழுதினார். கெட்ட எண்ணத்தோடு யாரும் அதைச் செய்யவில்லை, எல்லோரும் அழகை வீட்டுக்குக் கொண்டு போகத்தான் ஆசைப்பட்டார்கள். தொட்டி எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன்பே தொட்டியை நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

நம் கடலிலும் அதே அவசரம் நடந்தது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் என்பவர் முத்துப்பார்களை ஆராய வந்தார். கூட வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார், காலியில் ஒரு கடல் ஆய்வுகூடமும் அமைந்தது. சிப்பிக் குஞ்சுகளை நெருக்கமான இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாற்றி வளர்க்க வேண்டும், பார்களைப் பராமரிக்க வேண்டும் என்றெல்லாம் ஆலோசனைகள் எழுதப்பட்டன. ஆனால் 1905இல் மறிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு நடந்து அரசாங்கத்துக்கு இலட்சக்கணக்கில் பணம் வந்தது. உடனே 1906இல் முத்துப்பார்கள் லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின, கம்பனியும் குத்தகைக் காலம் முடியும் முன்பே கைவிட்டுப் போனது. அந்த அளவில் ஒரு முத்துக்குளிப்பு அதன் பிறகு நடக்கவில்லை. பார்கள் வெறுமையாவதற்கு இயற்கையான காரணங்களும் உண்டு, ஆனால் ஆராய்ச்சி சொன்ன பராமரிப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, அன்று அள்ளி வந்த உயிர்கள் ஏன் செத்தன?

மீன் சாப்பிடுகிறது, கழிக்கிறது. கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும், நான்கு கண்ணாடிக்குள் போக இடமில்லை. தண்ணீர் பளிங்குபோலத் தெரியும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியல்ல, மூச்சுத் திணறல்.

வயலுக்கு யூரியா எறிகிற விவசாயிக்கு மீதியைச் சொல்வது இலகு. யூரியா மண்ணில் அமோனியாவாகிறது. மண்ணிலுள்ள பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், வேறொரு பற்றீரியா அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. 1890 அளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்தப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். தொட்டிக்குள்ளும் இதே வேலை நடக்க வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் நஞ்சு, நைத்திரேற்று அவ்வளவு நஞ்சல்ல, தண்ணீர் மாற்றினால் குறையும். ஆனால் புதுத் தொட்டியில் அந்தப் பற்றீரியா இல்லை. அது மணலிலும் கல்லிலும் படர்ந்து பெருக நான்கிலிருந்து ஆறு கிழமை பிடிக்கும். அதற்கு முன் மீன் விட்டால், உறை ஊற்றாத பாலைத் தயிர் என்று பரிமாறியதுபோலத்தான்.

ஆய்வுகூடத்தில் தெரிந்த இந்த உண்மை வீட்டுத் தொட்டிக்கு வந்து சேர இன்னும் எழுபது வருடமானது. வழியைக் காட்டியவர் நம்மைப்போல வெப்பமான தீவொன்றின் மனிதர். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தன் முறையை எழுதினார். பெரிய வடிகட்டி எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள், நல்ல கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழி, அவ்வளவே. கல்லின் நுண்துளைகளில் குடியிருந்த பற்றீரியாவும் சிற்றுயிர்களும் தண்ணீரைத் துப்பரவாக்கின, அவருடைய தொட்டியில் முருகை உயிரோடு இருந்தது. பின்னர் ஜேர்மனியர்கள் அந்த உயிர்க்கல் முறையோடு நுரை தள்ளும் கருவியையும் கடும் வெளிச்சத்தையும் சேர்த்தார்கள். இன்று உலகமெங்கும் உள்ள முருகைத் தொட்டிகளின் வேர் அங்கேதான்.

லீ காலத்தில் உயிர்க்கல் எடுப்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று நாம் அதே வழியில் போக முடியாது. ஏன் என்று சொல்கிறோம்.

அதற்கு முன் தண்ணீரைப் பற்றி ஒரு விடயம். "கடல் தூரமென்றால் கிணற்றுத் தண்ணீரில் ஆனையிறவு உப்பைக் கரைக்கலாமே" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து போகின்றன. அதற்குப் பிறகுதான் நாம் சமையலுக்குப் போடும் உப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் கடைசியில் மிஞ்சுகிறது, அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். ஆகவே உப்பு கடலின் ஒரு பங்குதான், முழுக் கடல் அல்ல. கோஸ் 1854இலேயே சாதாரண உப்போடு எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு என நான்கையும் கலந்துதான் செயற்கைக் கடல்நீர் செய்தார். 1884இல் டிட்மார் என்ற இரசாயனவியலாளர், சலஞ்சர் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்துப் பார்த்து, எந்தக் கடலானாலும் பிரதான உப்புகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டினார். கடைகளில் விற்கும் கடல் தொட்டி உப்பு அந்த விகிதத்தைப் பின்பற்றிச் செய்யப்படுவது. கருவாட்டு உப்பு அதற்குப் பதிலாகாது.

இனி இந்தத் தீவின் கதைக்கு வருவோம்.

பக்கத்து மதராஸில் 1909இல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. தமிழ் மக்கள் காசு கொடுத்துக் கடல் மீனைக் கண்ணாடிக்குள் பார்த்த ஆரம்ப இடங்களில் அது ஒன்று. இங்கே, தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்கிளாஸ் பெரிய சுழியோடியாகப் பெயரெடுத்தார். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தபோது, நம் கடலடியைக் காண அவர்களோடு கூடப் போனவர் அவர். இலங்கையிலிருந்து அலங்காரக் கடல் மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடியும் அவரே. அன்றிலிருந்து நம் கடலின் மீன்கள் பொலித்தீன் பையில், ஒட்சிசன் நிரப்பி, றெஜிபோம் பெட்டியில் விமானம் ஏறுகின்றன. பல சுழியோடிக் குடும்பங்களுக்கு அதுவே சாப்பாடு. அதைப் பழிக்க நாங்கள் வரவில்லை.

ஆனால் அந்த மீன்களுக்கு வீடான முருகைக்கற்பாறை பல பக்கத்திலும் அடிவாங்கியது. தெற்கில் சுண்ணாம்புச் சூளைக்காகப் பல தலைமுறையாக வெட்டினார்கள். 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது ஹிக்கடுவவிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பாறைகளிலும் முருகை வெளுத்துச் செத்தது. அந்த முறை திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வழமையை விட ஓரிரண்டு பாகை கூடுதலான வெப்பம் சில கிழமை நீடித்தாலே முருகை தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும். உணவைக் கொடுப்பது அந்தப் பாசி. அது போனால் முருகை பட்டினி.

முருகைக்கல் அழகுக்கு மட்டும் இல்லை என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. முல்லைத்தீவில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. சுனாமிக்குப் பின் தெற்கில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டது இது: முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டிருந்த பெரலியப் பக்கத்தில் அலை சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போயிருந்தது. புகையிரதம் கவிழ்ந்ததும் அந்த இடத்தில்தான். சில கிலோமீற்றர் தள்ளி, பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவவில் சுமார் 50 மீற்றர்தான் உள்ளே வந்தது. கல்லை எடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர்.

அதனால்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. கல்முருகை இனங்கள் அனைத்தும் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உயிருள்ள முருகையை உடைப்பதும், எடுப்பதும், விற்பதும் குற்றம். சில மீன் இனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. முருகையின் மேல் விரித்து இழுக்கும் மொக்சி வலைக்கும் தடை. யாராவது "பார்சலில் முருகைக்கல் அனுப்புகிறேன்" என்று சொன்னால், அது மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

அப்படியென்றால் வன்னியில் இருக்கும் ஒரு புதியவர் என்ன செய்யலாம்? முருகை இல்லாத, மீனும் கல்லும் மணலும் உள்ள ஒரு சிறு கடல் தொட்டி. மேலே சொன்ன வரலாறு அதற்கான வழியையும் சொல்கிறது.

முதலாவது, மிகச் சின்னத் தொட்டி வேண்டாம். 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்றால் 96 லீற்றர். தண்ணீர் கூடினால் பிழையைத் தாங்கும் சக்தியும் கூடும். நிரம்பினால் 100 கிலோவுக்கு மேல் பாரம், ஆகவே பலமான மேசை வேண்டும், வெயில் நேரே படாத இடம் வேண்டும்.

இரண்டாவது, கடல்நீர் எடுப்பதானால் காலமும் இடமும் பார்க்க வேண்டும். மாரியில் ஆறும் குளத்து வான்நீரும் கடலில் கலப்பதால் கரையோர நீரில் உப்பு குறையும், சேறும் இருக்கும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் நீர் காலத்துக்குக் காலம் மாறும், அது வேண்டாம். மழையில்லாத மாதங்களில், முகத்துவாரத்துக்கும் படகுத் துறைக்கும் தூரமாக, தெளிந்த நீர் எடுங்கள். ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்பு, நீர்மானியில் 1.025 அளவு. எரிபொருள் இருந்த கலனில் ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, கல். கடற்கல் வேண்டாம். நுண்துளையுள்ள பீங்கான் கற்கள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் நல்ல கடல் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால் அதுவே உறை. பிறகு மீன் இல்லாமல், மோட்டார் ஓட, இறால் துண்டொன்றைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இறால் அழுகி அமோனியா வரும், பற்றீரியா அதைச் சாப்பிட்டுப் பெருகும். பரிசோதனைத் துளியில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம் காட்டும் நாள் வரை மீன் வாங்க வேண்டாம்.

நான்காவது, ஆவி. நம் சோளகக் காற்றில் தொட்டித் தண்ணீர் வேகமாகக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 96 லீற்றரில் 5 லீற்றர் ஆவியாகிப் போனால் 35 கிராம் என்ற அளவு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், கடல்நீரால் அல்ல. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

ஐந்தாவது, வெப்பம். 25இலிருந்து 27 பாகை வரை நல்லது. வன்னி வீட்டில் சித்திரை வைகாசியில் அது தானாகக் கிடைக்காது. மூடியைத் திறந்து, தண்ணீருக்கு மேலே சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குளிரூட்டும் கருவி, அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. முருகையை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாவது, கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மோட்டார் நின்றால் சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் குறையும், சூடான தண்ணீரில் அது இன்னும் குறைவு. பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வைத்திருங்கள். அதுவும் இல்லையா? அன்னா தைன் வீட்டுப் பணிப்பெண்ணை நினையுங்கள். ஒரு கோப்பை எடுங்கள், அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். 1846இல் வேலை செய்தது இன்றும் வேலை செய்யும்.

ஏழாவது, மீன். இரண்டு சின்ன மீன் போதும். ஒரே நாளில் இரண்டையும் விடாமல் கிழமைகள் இடைவெளி விடுங்கள். வாங்கும்போது இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும், மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் உலர் உணவும் சாப்பிடும், கடலும் ஒரு மீனை இழக்காது. வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால்தான் விற்கிறவர் அதைத் தேடுவார்.

இவ்வளவையும் ஏன் விரிவாக எழுதுகிறோம் என்று சிலர் நினைக்கலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மக்கள் தங்கள் கடலையும் விட்டுத்தான் போனார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, வாப்பாவும் உம்மாவும் சொல்லக் கேட்டே இந்தக் கடலை அறிந்தது. இங்கே இருந்த தமிழ் உறவுகள் 2004இல் இதே கரையில் இழந்ததையும், 2009இல் பட்டதையும் எழுத ஒரு பதிவு போதாது. நம் பிள்ளைகள் பலருக்கும் கடல் என்றால் முதலில் பயம், அல்லது துக்கம். அந்தக் கடலுக்குள் என்ன வாழ்கிறது, என்ன பெயர், என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை.

ஒரு சின்னத் தொட்டி அந்த வாய்ப்பைத் தரும். கெலார்ட் பார்த்ததுபோல ஒரு பிள்ளை நாள்தோறும் பார்த்து, கொப்பியில் திகதி போட்டு எழுதினால், அது விஞ்ஞானம். அள்ளி வந்து, சாகவிட்டு, மறுபடி அள்ளினால் அது கோஸ் காலத்துக் கூட்டம் செய்த வேலை. இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அந்த ஆறு கிழமைப் பொறுமைதான். கடல் நமக்கு அமானிதம். தொட்டிக்குள் இருக்கும் மீனும் அப்படியே.

தொட்டி வைக்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், வற்று நேரத்தில், பெரியவர் ஒருவரோடு பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடிப் போத்தலில் சிறு நண்டையோ சிப்பியையோ பத்து நிமிடம் வைத்துப் பார்க்கட்டும், படம் வரையட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடற்றொழிலில் நரைத்த மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். எந்த இடத்தில் கல் இருந்தது, எந்த மாதம் எந்த மீன் கரைக்கு வரும், அதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டு இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். முஸ்லிம், தமிழ் என்று பார்க்காமல் எல்லா ஊரிலிருந்தும் எழுதுங்கள். அதைத் தொகுத்து மாணவர்களுக்கு ஒரு சிறு கையேடாகச் செய்யலாம் என்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். இந்த ஒரு காரியத்தில் மட்டும் நாம் காத்திருக்கக் கூடாது.